ஒன்டாரியோ ஏரிக்கரையில் ஒரு வல்லூற்றுக் காவல்

டொரொன்டோவின் யூனியன் நிலையத்தில் லேக்‌ஷோர் வெஸ்ட் ரயில் பிடித்தால், ஒன்டாரியோ ஏரியை இடப்பக்கம் வைத்துக்கொண்டே அதன் மேற்கு முனைவரை போகலாம். ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், ஏரி வளையும் இடத்தில் இருக்கிறது ஹாமில்டன். கனடாவின் எஃகு நகரம் என்று பெயர் வாங்கிய ஊர். துறைமுகத்தை ஒட்டிப் புகைபோக்கிகளும் ஆலைக் கொட்டகைகளும் நிற்கின்றன. நகரின் தென்புறத்தில் நயாகரா செங்குத்துச் சரிவு என்னும் சுண்ணாம்புப் பாறைச் சுவர் ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்துக்கு எழும்பி, ஊரை மேலூர், கீழூர் என்று இரண்டாகப் பிரிக்கிறது. ஊர்க்காரர்கள் அதை ‘மலை’ என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பாறைத் தொடர் 1990இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதிலிருந்து விழும் அருவிகள் இந்த ஊர் எல்லைக்குள் மட்டும் நூற்றுக்கு மேல். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் அருவிகளைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஜூன் மாதத்தில் வருகிறவர்கள் அருவிக்குப் போகும் முன்பு நகரின் நடுவிலுள்ள கிங் தெருவுக்கும் ஒருமுறை போய்வர வேண்டும். 1933இல் திறக்கப்பட்ட பழைய ரயில் நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடைக்குள் அந்தத் தெரு வந்துவிடும்.

அங்கே ஷெரட்டன் விடுதிக்கு எதிரே, நடைபாதையில் சிலர் கழுத்தில் பைனாகுலரும் கையில் வாக்கிடாக்கியுமாக மேலே பார்த்தபடி நின்றுகொண்டிருப்பார்கள். விடுதியின் உயரத்து விளிம்பு ஒன்றில் பொரி வல்லூறுகள் 1995 முதல் கூடு வைத்து வருகின்றன. அந்த ஆண்டிலிருந்தே, குஞ்சுகள் முதன்முதலாகப் பறக்கும் நாட்களில் விடியல் முதல் இருட்டும்வரை முறைவைத்துக் காவல் இருக்கிறார்கள் இந்தத் தன்னார்வலர்கள். 1919இல் தொடங்கிய ஹாமில்டன் இயற்கையாளர் சங்கத்தின் நிழலில் நடக்கும் பணி இது. முதல் பார்வைக்கு இது சற்று வேடிக்கையாகக்கூடப் படும். பாய்ச்சலில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் பறவை இது. உயிரினங்களில் இதைவிட வேகமானது வேறில்லை. அதன் குஞ்சுக்குக் கீழே அட்டைப்பெட்டியும் போர்வையும் வைத்துக்கொண்டு மனிதர்கள் எதற்கு நிற்க வேண்டும்? அதிலும், கண்ணெதிரே 100 மீட்டர் பாறை இருக்கிற ஊரில்? கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கான விடையைப் பறவையிடம் தேடினால் கிடைக்காது, அது அமர்ந்திருக்கும் கட்டடத்தில்தான் தேட வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் இந்தப் பறவை இந்த விளிம்புக்கு வந்த கதை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி வயல்களிலும் காடுகளிலும் தாராளமாகத் தெளிக்கப்பட்டது. பூச்சியிலிருந்து சிறு பறவைக்கும், சிறு பறவையிலிருந்து அதைத் தின்னும் வல்லூறுக்கும் படிப்படியாகச் செறிவு ஏறிப் போன நஞ்சு, முட்டை ஓட்டில் சுண்ணாம்பு படிவதைக் கெடுத்தது. ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடையிலேயே முட்டைகள் நொறுங்கின. பழைய சேகரிப்புகளிலிருந்த முட்டை ஓடுகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டு இந்த மெலிவை 1967இல் நிறுவியவர் பிரிட்டிஷ் அறிஞர் டெரெக் ராட்கிளிஃப். அதற்குள் வட அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இனப்பெருக்கம் செய்யும் வல்லூறுகள் முற்றாக மறைந்துவிட்டன. ஒன்டாரியோவிலும் அதே கதை. பருந்தோ நரியோ தின்று குறைந்த இனமல்ல இது. வேட்டைக்காரர்களும் முட்டை திருடுகிறவர்களும் நெடுங்காலம் தொல்லை கொடுத்ததுண்டு, அதையும் தாங்கி நின்ற இனம்தான். அதை வேரோடு சாய்த்தது ஒரு வேதிப்பொருள். அமெரிக்கா அதை 1972இல் தடை செய்தது. கனடாவில் கட்டுப்பாடுகள் அதற்குச் சற்று முன்பே தொடங்கின.

தடை மட்டும் பறவையைத் திருப்பிக் கொண்டுவராது. ஓரிடத்தில் பிறந்த பறவை அதுபோன்ற இடத்தைத் தேடித்தான் கூடு வைக்கும். அங்கே பிறப்பதற்கே ஒன்றுமில்லை என்றால் யார் வருவது? கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாம் கேட் 1970இல் தொடங்கிய பெரிகிரின் ஃபண்ட், கூண்டில் வளர்த்த இணைகளைக் கொண்டு குஞ்சு பொரிக்க வைத்தது. கனடாவில் ஆல்பெர்ட்டா மாகாணத்து வெய்ன்ரைட்டில் ரிச்சர்ட் ஃபைஃப் தலைமையில் அதே வேலை நடந்தது. பறக்கும் வயதை நெருங்கிய குஞ்சுகளைப் பாறை விளிம்பிலோ கோபுரத்திலோ ஒரு பெட்டிக்குள் வைத்து, மனித முகம் தெரியாதபடி குழாய் வழியாக இறைச்சி போட்டு, பின் கதவைத் திறந்துவிடுவார்கள். பறந்து போன பிறகும் அவை வேட்டை பழகும்வரை பல வாரங்கள் உணவு வைத்துக்கொண்டு, இளைஞர்கள் அருகிலேயே கூடாரம் அடித்துத் தங்கியிருந்தார்கள். கிங் தெருவில் இன்று நிற்கும் காவலர்களின் முன்னோர்கள் அவர்கள்தான். அமெரிக்காவில் 4,000க்கும் மேற்பட்ட பறவைகளும் கனடாவில் 1,500க்கும் மேற்பட்டவையும் இப்படி விடுவிக்கப்பட்டன.

அந்தக் காலத்துக் கூடார வாழ்க்கையில் கிடைத்த ஓர் அனுபவம்தான் வல்லூறை நகரத்துக்குள் கொண்டுவந்தது. பாறைகளில் விட்ட குஞ்சுகளைப் பெரிய கொம்பு ஆந்தை இரவோடு இரவாகத் தூக்கிக்கொண்டு போனது. காக்கத் தாய் தந்தை இல்லாத குஞ்சுகளுக்கு அந்த ஆந்தைதான் எமன். எனவே ஆந்தை அதிகம் அண்டாத கடலோரச் சதுப்புகளில் கோபுரம் கட்டி விட்டார்கள். உயர்ந்த கட்டடங்களின் உச்சியிலும் விட்டார்கள். நகரம் வல்லூறுக்கு முற்றிலும் புதிதல்ல. மான்ட்ரியாலின் சன் லைஃப் கட்டடத்தில் 1940களிலேயே ஓர் இணை குஞ்சு பொரித்துக்கொண்டிருந்தது. நியூயார்க்கில் 1983இல் வெரசானோ நேரோஸ் பாலத்திலும் த்ரோக்ஸ் நெக் பாலத்திலும் கூடுகள் வந்தன. கட்டடத்தில் வளர்ந்தது வளர்ந்த பின் கட்டடத்தையே நாடியது. ஹாமில்டனில் பாறை இருந்தும் விடுதி விளிம்பு ஏன் என்பதற்குக் காரணம் இதுதான். உயரம் இருக்கிறது, புறா குறைவில்லாமல் கிடைக்கிறது, பெரிய ஆந்தை குறைவு. வல்லூறு சுள்ளி அடுக்கிக் கூடு கட்டுவதில்லை. சரளையில் ஒரு குழி பறித்து அதில் மூன்று, நான்கு முட்டை இடும். வெறும் சிமென்டுத் தளத்தில் முட்டை உருளும், மழைநீர் தேங்கும். அதற்காகப் பல நகரங்களில் கூழாங்கல் நிரப்பிய தட்டு ஒன்றை மனிதர்கள் வைத்துவிடுகிறார்கள். அந்த ஒரு குறையைத் தீர்ப்பது எளிது. தீர்க்க முடியாத குறை ஒன்று கீழே இருக்கிறது.

அதைப் புரிந்துகொள்ள முதல் பறப்பின் இயல்பைப் பார்க்க வேண்டும். முட்டை பொரிய ஏறத்தாழ 33 நாட்கள். குஞ்சு வெளிவந்து மூன்று வாரத்தில் அதன் கால் முழுப் பருமன் அடைந்துவிடும். கால் வளையம் மாட்டுவது அந்த நாட்களில்தான். அதைத் தாண்டினால் மனிதரைக் கண்டு மிரண்டு, பறக்கத் தெரியாமலே விளிம்பைவிட்டுக் குதித்துவிடும். ஐந்தாவது வாரத்தில் வெள்ளைப் பஞ்சு உதிர்ந்து பழுப்பு இறகு தெரியும். விளிம்போரத்தில் நகங்களை ஊன்றிக்கொண்டு இறக்கையை அடித்துப் பார்க்கும். பெற்றோர் இரையை நேரே கொண்டுவந்து தராமல், காலில் பிடித்தபடி கண்ணுக்கெதிரே பறந்து போய் ஆசை காட்டும். நாற்பதாவது நாளை ஒட்டி முதலில் ஆண் குஞ்சுகள் கிளம்பும். உடல் பெருத்த பெண் குஞ்சுகள் சில நாள் பின்தங்கும். கிளம்புவது கடினமில்லை. இறக்கையை விரித்தால் காற்று தாங்கிவிடும். திரும்பி வந்து இறங்குவதுதான் வித்தை. எந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பது, எப்போது இறக்கையை நிமிர்த்துவது, எவ்வளவு உயரத்திலிருந்து காலை நீட்டுவது என்பதெல்லாம் தவறித் தவறித்தான் கைவரும். முதல் சில நாட்களில் தவறாத வல்லூறு கிடையாது.

பாறையில் தவறினால் என்ன ஆகிறது? செங்குத்துப் பாறை என்று நாம் சொன்னாலும் அது மேலிருந்து கீழ்வரை படிப்படியான திட்டு, வெடிப்பு, வேர் பிடித்த புதர் என்று சொரசொரப்பாகத்தான் இருக்கும். உச்சித் திட்டில் இறங்கத் தவறிய குஞ்சு பத்தடி கீழே வேறொரு திட்டில் தொற்றிக்கொள்ளும். அங்கிருந்து நகத்தாலும் இறக்கையாலும் ஏறும், இளைப்பாறும், மறுபடி முயலும். பாறைமுகத்தில் மோதி மேலெழும் காற்றும் கைகொடுக்கும். அடிவாரம்வரை வந்துவிட்டாலும் அங்கே சரிந்து கிடக்கும் பெருங்கற்கள் மேல் ஏறி உயரம் பிடிக்கலாம். கட்டடத்தில் இவை எதுவும் இல்லை. வழவழப்பான சுவரில் நகம் பிடிக்காது. கண்ணாடியில் வானம் தெரியும். குஞ்சு அதை வானம் என்றே நம்பிப் போய் மோதும். சறுக்கி வந்தால் இடையில் தாங்க ஒன்றுமில்லாமல் நேரே தெரு. கிங் தெருவோ பல தடங்களில் வண்டிகள் ஒரே திசையில் பாயும் சாலை. தட்டையான தரையிலிருந்து எழும்ப இன்னும் வலுவில்லாத குஞ்சு பேருந்துக்கும் லாரிக்கும் நடுவில் நிற்கும். பாறை பல வாய்ப்புகளைத் தருகிறது. கட்டடம் ஒன்றே ஒன்றைத்தான் தருகிறது. தன்னார்வலர்கள் செய்வது, கட்டடத்தில் இல்லாத அந்தக் கீழ்த் திட்டுகளின் வேலை. பறக்கக் கற்றுக்கொடுப்பதில்லை, இரை போடுவதில்லை, வளர்ப்பதில்லை. தெருவில் விழுந்ததை எடுத்து மேலே வைக்கிறார்கள். மறுபடி முயல்வது அதன் பாடு.

இப்படிச் சொல்வது அழகுக்காக அல்ல என்பதற்கு அவர்கள் கடைப்பிடிக்கும் கட்டுப்பாடே சான்று. காவல் நேரத்தின் பெரும்பகுதி எண்ணுவதிலும் குறிப்பதிலும் கழிகிறது. விளிம்பில் எத்தனை, எதிர்க் கட்டடத்தில் எத்தனை, கண்ணில் படாதது எது, கடைசியாக எந்தப் பக்கம் போனது என்பதை ஒருவர் தெருமுனையிலிருந்தும் இன்னொருவர் மறுமுனையிலிருந்தும் வாக்கிடாக்கியில் சொல்லிக்கொள்கிறார்கள். குஞ்சு ஒரு கடையின் முன்கூரையில் இறங்கிவிட்டால், பார்க்கிறவர்கள் பதறினாலும் காவலர்கள் தொடுவதில்லை. அது ஆபத்தில் இல்லை, பெற்றோர் கண்ணில் படும் இடத்தில்தான் இருக்கிறது. மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்து தானாகவே எழும்பும். சாலையிலோ நடைபாதையிலோ இறங்கினால் மட்டும், பயிற்சி பெற்றவர் போர்வையைப் போட்டு மூடி, காற்றோட்டமுள்ள இருட்டுப் பெட்டியில் வைத்து, காயம் உண்டா என்று பார்த்து, கட்டடத்தின் உயரமான ஓரிடத்தில் கொண்டுபோய் விடுகிறார். காயம் இருந்தால் பறவை மருத்துவரிடம் போகிறது. தாய்ப்பறவை தலைக்கு நேராகப் பாயும் என்பதால் துடைப்பத்தை உயர்த்திப் பிடித்தபடி போவதும் உண்டு. பறவை உயரமான பொருளைத்தான் தாக்கும். தொடுவதற்கு எப்போதும் சட்டப்படியான அனுமதி வேண்டும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கிலும் சான் ஹோசேயிலும் இதே மாதிரி முதல் பறப்புக் காவல்கள் உண்டு. எங்கும் பார்ப்பது அதிகம், தொடுவது குறைவு.

இதற்கு எதிரான வாதங்களில் வலுவானது இயற்கைத் தேர்வு. விழுகிற குஞ்சு பலவீனமானது. அதைக் காப்பாற்றினால் பலவீனத்தை அல்லவா அடுத்த தலைமுறைக்குக் கடத்துகிறோம் என்று கேட்கிறார்கள். முதலில், விழுவது பலவீனத்தின் அடையாளம் அல்ல. அது வயதின் அடையாளம். உடன்பிறந்த நான்கில் எது தெருவில் இறங்கும் என்பதைப் பல நேரம் அன்றைய காற்றும் எதிர்க் கட்டடத்தின் கண்ணாடியும் தீர்மானிக்கின்றன. இரண்டாவது, பேருந்துச் சக்கரம் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. கூர்ந்த கண்ணும் வலுவான மார்புத் தசையும் உடைய குஞ்சையும் மந்தமானதையும் அது ஒன்றாகவே நசுக்கும். இயற்கைத் தேர்வு உண்மையில் வேலை செய்யும் இடம் அதற்குப் பிறகு வருகிறது. தானாக இரை பிடிக்க வேண்டும். பனிக்காலத்தைத் தாண்ட வேண்டும். தெற்கே நெடுந்தொலைவு போகவும் நேரலாம். முதல் ஆண்டிலேயே இளம் வல்லூறுகளில் ஏறக்குறைய பாதி அல்லது அதற்கும் மேல் இறந்துவிடுகின்றன. அந்தத் தேர்விலிருந்து எந்தக் குஞ்சுக்கும் காவலர்கள் விலக்கு வாங்கித் தரவில்லை. அவர்கள் கொடுப்பது தேர்வு எழுத ஓர் இடம் மட்டுமே.

இரண்டாவது வாதம் நேர்மையானது. அதில் பாதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இனம் மீண்டுவிட்டது. அமெரிக்கா 1999இல் வல்லூறை அழிவாபத்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஒன்டாரியோ 2006இலும் 2013இலும் ஆபத்து நிலையைப் படிப்படியாகக் குறைத்தது. கனடாவின் மதிப்பீட்டுக் குழு 2017இல் இந்த இனத்துக்கு இனி ஆபத்தில்லை என்று சொன்னது. அப்படியானால் ஒரு விடுதியின் மூன்று நான்கு குஞ்சுகளால் என்ன ஆகப் போகிறது? இனத்தின் கணக்கில் ஒன்றும் ஆகப் போவதில்லை. 1995இல் ஒவ்வொரு குஞ்சும் கணக்கில் வந்தது. இன்று அந்தக் காரணத்தைச் சொல்லிப் பணம் கேட்பது சரியாகாது. காவலுக்கு இன்றுள்ள நியாயம் வேறு. சுவரையும் கண்ணாடியையும் சாலையையும் அங்கே வைத்தது நாம். பறவை வந்து கூடு வைக்கும் என்று தெரிந்த பிறகும் அதை அப்படியே வைத்திருக்கிறோம். தட்டில் கூழாங்கல் போட்டு வரவேற்கவும் செய்கிறோம். அழைத்துவிட்டு, வாசலில் உள்ள குழியை மூடாமல் விடுவது முறையல்ல. இனம் பெருகினாலும் இந்தக் கடமை குறைவதில்லை.

அறிவியல் பயனும் இதில் உண்டு. கால் வளையத்தின் எண்களைத் தொலைநோக்கியில் படித்துத்தான் ஒரு கூட்டில் பிறந்தது எந்த ஊரில் இணை சேர்ந்தது, எத்தனை ஆண்டு வாழ்ந்தது என்பவை தெரியவருகின்றன. உணவுச் சங்கிலியின் உச்சியில் இருப்பதால் ஒரு நகரத்தின் நஞ்சு இதன் உடலில் வந்து சேர்கிறது. டி.டி.டி. குறைந்த பிறகு, கலிபோர்னியாவின் நகர வல்லூறுகளின் முட்டைகளில் தீத்தடுப்பு வேதிப்பொருள்கள் அதிக அளவில் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். மெத்தையிலும் மின்கருவிகளிலும் சேர்க்கப்பட்டவை அவை. ஒரு கூட்டை ஆண்டுதோறும் உற்றுப் பார்க்கும் ஆட்கள் இருந்தால்தான் முட்டை பொரியாமல் போவதும் குஞ்சு குறைவதும் உடனே தெரியும். 1950களில் அப்படிப் பார்த்தவர்கள் வெகு சிலர். அதனால்தான் ஒரு கண்டத்தின் பாதியில் இனம் மறைந்த பிறகு காரணம் தேட வேண்டி வந்தது.

மூன்றாவது வாதம் கசப்பானது. வல்லூறு கம்பீரமான பறவை, அதனால் அதற்கு இத்தனை காவல். அதே கண்ணாடியில் மோதிச் சாகும் சிறு பறவைகளுக்கு யார் காவல்? டொரொன்டோவுக்குத் திரும்பும் ரயிலில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. ஏரிக்கரையில் எழும்பி நிற்கும் அந்தக் கண்ணாடிக் கோபுரங்கள், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வலசை போகும் பறவைகளின் வழியில் நிற்கின்றன. ஆனால் அவற்றுக்கும் ஆள் உண்டு. 1993இல் தொடங்கிய ஃப்ளாப் அமைப்பின் தன்னார்வலர்கள் விடியற்காலையில் கோபுரங்களின் அடியில் நடந்து, மயங்கியதைப் பைக்குள் எடுத்துப் பிழைக்க வைக்கிறார்கள். இறந்ததைக் குறித்து வைக்கிறார்கள். இறந்தவற்றை ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தில் வரிசையாக அடுக்கி ஊருக்குக் காட்டுகிறார்கள். அந்தக் கணக்கும் காட்சியும் சேர்ந்து சட்டத்தை அசைத்தன. 2010 முதல் டொரொன்டோவில் புதிதாக எழும் பெரிய கட்டடங்களின் கீழ்மாடிக் கண்ணாடிகளில் பறவைக்குத் தெரியும் புள்ளியோ கோடோ இருக்க வேண்டும் என்பது விதி. வல்லூற்றுக் காவலைக் குறை சொல்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முடிவு, காவலை நிறுத்து என்பதல்ல. காவலர்கள் மாலையில் கலைந்த பிறகும் கண்ணாடி அங்கேயே இருக்கிறது. அதையும் மாற்று என்பதுதான். 5 சென்டிமீட்டர் இடைவெளியில் பதித்த புள்ளிகள் வல்லூற்றுக் குஞ்சுக்கும் உதவும், சிட்டுக்கும் உதவும். ஆள் நிற்க வேண்டிய நாட்களும் குறையும்.

நமக்கும் இந்தப் பறவைக்கும் உறவு உண்டு. வட துருவத்தை ஒட்டிய ஆசிய நிலங்களில் பிறக்கும் பொரி வல்லூறு குளிர்காலத்தில் தமிழகக் கடற்கரைவரை வருகிறது. ஷாஹீன் என்னும் அதன் உள்நாட்டு வகை நம் மலைப் பாறைகளிலும் இலங்கையின் சிகிரியாவிலும் நிரந்தரமாக வாழ்கிறது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு உச்சபட்சப் பாதுகாப்பு தருகிறது. நம் நகரங்களில் அது குஞ்சு பொரிப்பது அரிது என்றாலும் கரும்பருந்தும் கூகையும் பொரிக்கின்றன. அவற்றின் குஞ்சுகளும் தெருவில் விழுகின்றன. கிங் தெருவின் ஒழுங்கு இங்கேயும் செல்லும். கீழே குஞ்சைக் கண்டால் உடனே தூக்காதீர்கள். மதிலிலோ கிளையிலோ இருந்தால் நாயையும் கூட்டத்தையும் மட்டும் விலக்கிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பெற்றோர் பக்கத்தில்தான் இருக்கும். சாலையில் இருந்தால் துணியால் மூடி, அட்டைப்பெட்டியில் வைத்து, தண்ணீரோ சோறோ ஊட்டாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். டொரொன்டோ வட்டாரத்தில் உறவினர் வீட்டுக்கு ஜூன் மாதத்தில் போகிற தமிழர்கள் ஒரு நாளை ஹாமில்டனுக்கு ஒதுக்கலாம். காவலுக்கு ஆட்கள் எப்போதும் தேவை. அனுபவம் தேவையில்லை, பொறுமையாக மேலே பார்க்கத் தெரிந்தால் போதும்.